கார்டு நம்பர் மூன்று

வேண்டாம் அக்கா, பை மடியிலேயே இருக்கட்டும். மேலே வைக்க மாட்டேன். கண்டக்டர் ரெண்டு தடவை சொல்லியே வைக்கலை, நீங்க சொல்லியா வைக்கப் போறேன்? கோவிச்சுக்காதீங்க, நான் பேசுறதே இப்படித்தான். உங்க முழங்கையில் இடிச்சா சொல்லுங்க, ஜன்னலோட ஒட்டி உட்கார்ந்துக்கிறேன். நீங்களும் கோவில்பட்டிதானே? டிக்கெட் எடுக்கும்போது கேட்டேன்.

நகை எல்லாம் இல்லை, அப்படிப் பார்க்காதீங்க. ஒரு துண்டு. துண்டுக்குள்ளே ஒரு ஹார்ட் டிஸ்க். அதுக்குப் பக்கத்தில் ஒரு ஜிப் பை. ஜிப் பைக்குள்ளே ஒரு மெமரி கார்டு, தீப்பெட்டியில் பாதிதான் இருக்கும். டிஸ்க்கிலும் கார்டிலும் இருக்கிறது ஒரே வீடியோ. ஒரு கல்யாணத்தோட பந்தி. ஆமாம், சாப்பாட்டுப் பந்திதான். இலை, சாம்பார், ரசம், பாயசம். சிரிங்க. எல்லாரும் சிரிச்சாச்சு. இதுக்காகத்தான் என்னை வேலையை விட்டு நிறுத்தினாங்க.

என் பேர் இசக்கிப்ரியா. சங்கரன்கோவிலில் சேர்மதுரை அண்ணன் வீடியோக் கடையில் ஒரு வருஷம் இருந்தேன். படிப்பா? பிளஸ் ஒன்னில் நிறுத்திட்டேன். யாரும் நிறுத்தலை, நானே நிறுத்தினேன். வீட்டில் கஷ்டம், அப்பா குடிக்கிறார், அதெல்லாம் ஒண்ணும் கிடையாது. பிடிக்கலை, அவ்வளவுதான். கணக்கு டீச்சர் எல்லார் முன்னாடியும் பேப்பரைத் தூக்கிக் காட்டி, "இதை எடுத்துட்டுப் போயி பூக்கட்டு"ன்னு சொன்னாங்க. நான் எந்திரிச்சுப் போய்ட்டேன். பூவும் கட்டலை.

கணக்கு வராதாம் எனக்கு. நான் சொல்றேன், கேளுங்க.

4கே-ல் எடுத்தா ஒரு மணி நேரத்துக்கு நாற்பத்தஞ்சு ஜிபி போகும். எங்ககிட்ட இருக்கிறது எல்லாம் அறுபத்துநாலு ஜிபி கார்டு. அப்படீன்னா ஒரு கார்டு ஒண்ணேகால் மணி நேரம், கொஞ்சம் கூட. எங்க கடை லேப்டாப் கிழட்டு லேப்டாப், ஒரு கார்டை டிஸ்க்கில் இறக்க நாற்பது நிமிஷம். ரெண்டு டிஸ்க்கில் இறக்கணும்னா எண்பது நிமிஷம். இப்போ ரெண்டு கேமரா, முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, நிச்சயம், பந்தி. மறுநாள் காலையில் அஞ்சரையிலிருந்து மத்தியானம் வரைக்கும் முகூர்த்தம், அப்புறம் மொய் எழுதுறவங்க எல்லாரும் மேடைக்கு வந்து பொண்ணு மாப்பிள்ளையோட நிக்கிறது. எத்தனை கார்டு வேணும்? பத்து. எந்தக் கார்டு எந்தக் கேமராவில், எத்தனை மணிக்கு நிறையும், எப்போ இறங்கும்? எல்லாம் ஒரு தாளில் எழுதி லேப்டாப் மூடியில் ஒட்டிருவேன். நான் வர்றதுக்கு முன்னாடி அந்தக் கடையில் இதை யாராவது செஞ்சாங்களான்னு கேளுங்க.

சேர்மதுரை அண்ணன் கேசட் காலத்து ஆள். "கேசட்டு நாலு இருந்தா ஒரு கல்யாணம்ட்டி. என்னத்துக்கு இத்தன கணக்கு?" என்பார். எவ்வளவு நேரம் போகும்னு கேட்டா, "நெறையப் போவும்" என்பார். நிறையன்னா எவ்வளவுண்ணே? "நெறையன்னா நெறைய." இப்படி ஒரு மனுஷன்.

ஆனா எடுக்கும்போது பார்க்கணும் அவரை. கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவே மாட்டார். கார்டு முடியப் போகுதுன்னா இடது கையை முதுகுக்குப் பின்னாடி நீட்டுவார், அவ்வளவுதான். நான் காலிக் கார்டை உள்ளங்கையில் வைக்கணும். வைச்சதும் நிறைஞ்ச கார்டு கைமாறி வரும். காலின்னா நம்பர் மேலே தெரியணும், நிறைஞ்சதுன்னா கவுத்திப் பைக்குள்ளே போடணும். ஒரு வார்த்தை பேச வேண்டாம். ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு நர்ஸ் கத்தி எடுத்துக் குடுக்கிற மாதிரி. அந்தப் பை எப்பவும் என் இடுப்பில்தான். ஜெபஸ்டின் அண்ணன்கூடத் தொடக் கூடாது. ஜெபஸ்டின் அண்ணன் யாருன்னா, ரெண்டாவது கேமரா. நல்ல மனுஷன், வாய்தான் நிற்காது.

பை எப்படி என் கைக்கு வந்ததுன்னு கேட்டா அது ஒரு கேவலமான கதை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம். ஒரு குழந்தைக்குக் காதுகுத்து. கோயிலில் எடுத்துட்டு வந்த கார்டை, இறக்கியாச்சுன்னு நினைச்சு அழிச்சுட்டேன். இறக்கலை. மொட்டை, காதுகுத்து, கிடாவெட்டு, எல்லாம் போச்சு. நான் அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லிடுறேன்னு கிளம்பினேன். அண்ணன் என்னைக் கடைக்குள்ளே வைச்சு ஷட்டரைப் பாதி இறக்கிட்டு அவரே போனார். போய்ப் பொய் சொன்னார். "கார்டு டூப்ளிகேட்டு, கெட்டுப் போச்சு, தப்பு எம்பேர்லதான்." அந்தக் குழந்தையோட அப்பா சட்டையைப் பிடிச்சு உலுக்கினாராம். அப்புறம் எல்லாரும் மறுபடி பட்டுச்சேலை கட்டி, மறுபடி கோயிலுக்குப் போய், மறுபடி எடுத்தோம். காது ஏற்கனவே குத்தியாச்சு, பிள்ளை அழவே இல்லை. தாய்மாமன் தொடையில் கிள்ளித்தான் அழ வைச்சார்.

எனக்கு அவ்வளவு கோபம். எதுக்குப் பொய்? நான் அழிச்சேன், நான் சொல்லிட்டுப் போறேன். நான் பொய் சொல்ல மாட்டேன் அக்கா, அது எனக்கு ஆகாது. அன்னைக்குத் தண்டனையா இந்தப் பையைத் தூக்கி என்கிட்டே எறிஞ்சார். "இனிமே கார்டு பூரா ஒம் பொறுப்பு. நானே கேட்டாலும் ஒன்னைக் கேட்டுத்தான் எடுப்பேன்." தண்டனைன்னா தண்டனை. நானும் சரின்னு ஒரு ரூல் போட்டேன். ரெண்டு டிஸ்க்கில் ரெண்டு காப்பி இறங்காம ஒரு கார்டையும் அழிக்கக் கூடாது. ரெண்டு டிஸ்க்கும் ஒரே வண்டியில் போகக் கூடாது, ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. அண்ணன் சிரிச்சார். "ஒரே வண்டில போனா என்னட்டி?" வண்டி கவுந்தா? "வண்டி கவுந்தா நாம செத்துருவோம். செத்த பெறவு வீடியோ யாருக்குட்டி?" கல்யாணம் பண்ணினவங்களுக்குண்ணே, நமக்கா எடுக்கோம்?

இப்போ விஷயத்துக்கு வர்றேன்.

இந்த ஆவணியில் ஒரு கல்யாணம். பொண்ணு பேர் உமாபார்வதி, நான் உமாக்கான்னு கூப்பிடுவேன். அப்பா கிடையாது, நாலு வருஷம் ஆச்சு. தாய்மாமன் வெள்ளத்துரைதான் எல்லாம் முன்னாடி நின்னு நடத்தினார். பெரிய மீசை, பெரிய குரல். 4கே-தான் வேணும்னு ஒத்தைக் காலில் நின்னார். 4கே-ன்னா என்னன்னு அவருக்குத் தெரியாது, ஏதோ ஃப்ளெக்ஸில் பார்த்திருக்கார். எச்டி-யில் எடுத்தா கார்டு இன்னும் நிறைய நேரம் வரும்னு நான் சொன்னேன். "சின்னப் பிள்ளைட்ட எல்லாம் நான் பேச மாட்டேன்"ன்னுட்டார்.

பத்து கார்டு, ரெண்டு டிஸ்க். தாள் ஒட்டியாச்சு. முதல் நாள் சாயங்காலம் எல்லாம் ஒழுங்கா நடந்தது. மாப்பிள்ளை அழைப்பு கார்டு ஒண்ணு. நிச்சயம் கார்டு ரெண்டு. பந்தி கார்டு மூணு. ஒவ்வொண்ணா முதல் டிஸ்க்கில் இறக்கிட்டே வந்தேன். மூணும் இறங்கின நேரத்துக்கு அண்ணன் வந்து, ரெண்டாவது டிஸ்க்கைக் கழட்டினார். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, நாலு கார்டையும் கேட்டார். என்னன்னு கேட்டா, அதே நாளில் கடையநல்லூரில் இன்னொரு கல்யாணம் ஒத்துக்கிட்டாராம். அவர் மச்சான் பையன் போய் எடுக்கிறானாம்.

"அண்ணே, காலையில ஏழு கார்டு வேணும். மூணுதான் இருக்கு."

"எறக்கினதை அழிச்சு அழிச்சுப் போடு."

"ஒரு காப்பிதான் இறங்கியிருக்கு."

"ஒண்ணு இறங்கினாப் போதும்ட்டி. நீ என்ன பேங்கா நடத்துத?"

குடுத்தேன். கடை அவர் கடை, நான் என்ன செய்ய? ஆனா சொல்லிட்டுத்தான் குடுத்தேன். "அண்ணே, நாளைக்குக் கை நீட்டினா கையில ஒண்ணும் இருக்காது"ன்னு சொன்னேன். ஜெபஸ்டின் அண்ணன் சாட்சி.

மறுநாள் காலையில் நாலாம் நம்பர் அண்ணன் கேமராவில், அஞ்சாம் நம்பர் ஜெபஸ்டின் அண்ணன் கேமராவில். பொண்ணு அலங்காரம், பந்தக்கால், அது இதுன்னு ஏழு மணிக்கு நாலு நிறைஞ்சது. ஆறாம் நம்பரைக் குடுத்தேன். "அண்ணே இதுதான் கடைசி, விட்டு விட்டு எடுங்க"ன்னு காதில் சொன்னேன். கேட்டாரா? வெள்ளத்துரை மாமா பக்கத்தில் நின்னுக்கிட்டு, "விடாம எடுப்பா, விடாம எடுப்பா"ங்கிறார். இவரும் விடாம எடுக்கார். ஐயர் விபூதி பூசுறது, வாழைமரம், சீலிங் ஃபேன், எல்லாம் 4கே.

எட்டு இருபது. மேளக்காரர் நாதஸ்வரத்தை வாயில் வைச்சுட்டு ஐயர் கையைப் பார்க்கிறார். தாலித் தட்டு சுத்தி வருது. அண்ணனோட இடது கை பின்னாடி வந்தது.

நான் ஒண்ணும் வைக்கலை.

கை ரெண்டு தடவை மூடித் திறந்தது. அப்புறமும் வைக்கலை. கேமராவிலிருந்து கண்ணை எடுத்துத் திரும்பிப் பார்த்தார் அக்கா. அந்த மனுஷன் எடுக்கும்போது திரும்பி நான் பார்த்ததே இல்லை.

"கார்டு."

"இல்லண்ணே."

"பையில கெடக்குல்லா!"

"எல்லாம் நிறைஞ்சது."

"மூணாம் நம்பர் பந்திதானட்டி? அழி! அழிச்சுட்டுக் குடு!"

"ஒரு காப்பிதான்ணே இருக்கு."

"ஏ, சோறு திங்கற வீடியோட்டி அது! தாலி கட்டப் போறான்!"

பையைப் பிடிச்சு இழுத்தார். நான் ஜிப்பைக் கையால் பொத்திக்கிட்டேன். எல்லாரும் எந்திரிச்சு நிற்கிறாங்க, அட்சதையைக் கையில் வைச்சுக்கிட்டு எங்க ரெண்டு பேரையும் பார்க்கிறாங்க. கெட்டிமேளம் கேட்டது. முடிஞ்சது. மூணு முடிச்சு எவ்வளவு நேரம்? எண்ணிப் பாருங்க, ஒரு நிமிஷம்கூட ஆகாது.

ஜெபஸ்டின் அண்ணன் பக்கவாட்டிலிருந்து எடுத்தார். அதில் தாலி கட்டினது இருக்கு. ஆனா நடுவில் வெள்ளத்துரை மாமாவோட முதுகு. மாமா முதுகு 4கே-ல் நல்லா விழுந்திருக்கு, பட்டுச்சட்டையில் நூல் நூலாத் தெரியுது. மாப்பிள்ளை கை தெரியலை, பொண்ணு முகம் தெரியலை.

தப்பு யார் மேலே? நீங்க சொல்லுங்க. பத்து கார்டு கேட்டேன், ஆறு குடுத்தாங்க. ரெண்டு டிஸ்க் கேட்டேன், ஒண்ணு குடுத்தாங்க. முன்னாடியே சொன்னேன். ரூல் போட்டது போட்டதுதான். நாளைக்கு அந்த டிஸ்க் கீழே விழுந்து நின்னுபோனா, பந்தி எங்கே போய்ப் பிறக்கும்? தாலி கட்டினதுக்காவது சாட்சி ஐந்நூறு பேர் இருக்காங்க.

மூணாம் நாள் வெள்ளத்துரை மாமா கடைக்கு வந்தார். லேப்டாப்பில் தாலி கட்டுறதைப் போட்டுக் காட்டச் சொன்னார். அவர் முதுகையே அவர் பார்த்தார். முகம் போன போக்கு! சேர்மதுரை அண்ணன் மெதுவா ஆரம்பிச்சார்: "அண்ணாச்சி, அந்த நேரம் பாத்து மெயின் கேமரால கார்டு பழுதாயி..."

"பழுது இல்லை"ன்னு நான் சொன்னேன். "கார்டு நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் குடுக்கலை."

அண்ணன் கண்ணை மூடிக்கிட்டார். மாமா என்னைப் பார்க்கிறார், அண்ணனைப் பார்க்கிறார். "என்ன சொல்லுதா இந்தப் பிள்ள?" நான் முழுசாச் சொன்னேன். கடையநல்லூர்க் கல்யாணம் வரைக்கும் சொன்னேன். மாமா மேசையில் ஓங்கி அடிச்சார், எல்இடி லைட் ஒண்ணு கீழே விழுந்து உடைஞ்சது. "எம் மருமவ கழுத்துல தாலி ஏறினதை விட, பந்தில எவனோ அப்பளம் ஒடச்சது பெருசாப் போச்சோ ஒனக்கு?" என்கிட்டே ரெண்டு எட்டு வைச்சு வந்தார். சேர்மதுரை அண்ணன் குறுக்கே வந்து நின்னு, என்னைப் பார்த்துக் கத்தினார்: "வெளிய போட்டி! நாளைலேர்ந்து இந்தப் பக்கம் வராத!" அப்புறம் மாமாகிட்டே, "அண்ணாச்சி, அவள நிறுத்திட்டேன். போதுமா? இனி எங்கிட்டப் பேசுங்க."

அவ்வளவுதான். உண்மையைச் சொன்னதுக்கு நிறுத்திட்டார். ரெண்டு வாரம் ஆச்சு. தினமும் போன் பண்றார், திட்டத்தான் பண்ணுவார், நான் எடுக்கிறதில்லை. டிஸ்க் என்கிட்டேதான் இருக்கு, கார்டுப் பை என்கிட்டேதான் இருக்கு. அதைக்கூடத் திருப்பிக் கேட்கலை. பொறுப்பே கிடையாது.

முந்தாநாள் உமாக்கா போன் பண்ணினாங்க. இப்போ அவங்க கோவில்பட்டியில், மாமியார் வீட்டில். மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. நாளைக்கு ரெண்டு பேரும் கிளம்புறாங்க. திட்டப் போறாங்கன்னு நினைச்சுட்டுத்தான் எடுத்தேன். "திட்டுறதுன்னா சீக்கிரம் திட்டிருங்கக்கா"ன்னேன். அவங்க திட்டலை. "இசக்கி, வீடியோல எங்கேயாவது எங்க அம்மா இருக்காங்களா?"ன்னு கேட்டாங்க.

அவங்க அம்மா ஆவுடைத்தங்கம். காலையில் எடுத்தது முழுக்க நான் பார்த்தாச்சு. எதிலும் இல்லை. அலங்காரத்தில் இல்லை, பாத பூஜையில் இல்லை, தாரை வார்க்கிறதில் இல்லை, மொய்க்கு நின்ன வரிசையில்கூட இல்லை. கலவறையில், சாமான் வைக்கிற ரூமில் இருந்தாங்க. பலகாரத்துக்குக் காவல்னு சொல்லிட்டு, கதவைச் சாத்திட்டு உட்கார்ந்திருந்தாங்க. புருஷன் இல்லாதவங்க மேடைக்கு வரக் கூடாதுன்னு யாரும் சொல்லலை அக்கா. வாங்கன்னும் யாரும் சொல்லலை. கூடப் பிறந்த தம்பிதான் அந்த வெள்ளத்துரை மாமா. 4கே வேணும்னு தெரியுது, அக்கா எங்கேன்னு தெரியலை.

உமாக்கா முதலில் கடைக்குத்தான் பேசியிருக்காங்க. சேர்மதுரை அண்ணன் என்ன சொல்லியிருக்கார் தெரியுமா? "மூணாம் நம்பர்ல இருக்கலாம்மா. அது இசக்கிட்ட இருக்கு. அவ அழிச்சிருக்க மாட்டா." பாருங்க, எவ்வளவு சுலபமா என் தலையில் தள்ளி விட்டார்.

மூணாம் நம்பரில் அம்மா இருக்காங்க. பதினோரு நிமிஷம். பந்திக்குப் பாயசம் எடுத்துட்டு வர்றாங்க. கரண்டியில் வைச்சு நாக்கில் பார்த்துட்டுச் சமையல்காரரைத் திட்டுறாங்க: "என்னய்யா, மருந்து மாதிரி இருக்கு, இன்னும் ரெண்டு வெல்லம் போடு." உமாக்கா நிச்சயப் பட்டோட ஓடி வந்து, பசிக்குதும்மான்னு நிற்கிறாங்க. அம்மா ஒரு லட்டைப் பிய்ச்சு, உதட்டுச் சாயம் அழியாம வாய்க்குள்ளே போடுறாங்க. போட்டுட்டு முந்தானையால் வாய் ஓரத்தைத் துடைக்கிறாங்க. ரெண்டு பேரும் எதுக்கோ சிரிக்கிறாங்க, எதுக்குன்னு தெரியலை, பக்கத்தில் யாரோ டிரம்மை உருட்டுறாங்க, அந்தச் சத்தம். திடீர்னு அம்மா கேமராவைப் பார்த்துட்டாங்க. "ஏ பிள்ள, என்னைய எடுக்காத, நான் எதுக்கு இதுல?"ன்னு முகத்தை மறைச்சாங்க. "கேமரா ஆஃப்ல இருக்கும்மா"ன்னு சொன்னேன். கையை எடுத்துட்டாங்க. அப்புறம்தான் மீதி எட்டு நிமிஷம்.

என்ன பார்க்கிறீங்க? ஆமாம், ஓடிக்கிட்டுத்தான் இருந்தது. அது பொய் இல்லை. அது... சரி, பொய்தான். அது ஒண்ணுதான்.

ஆமாக்கா. நான்தான் எடுத்தேன். அதை முதலில் சொல்லலையா? ஜெபஸ்டின் அண்ணன் சாப்பிடப் போனார், கேமரா சும்மா இருந்தது. சேர்மதுரை அண்ணன்தான் "பந்திய நீ எடுட்டி. கை நடுங்காம எடு"ன்னு குடுத்தார். ஒரு வருஷத்தில் அன்னைக்குத்தான் முதல் தடவை. கார்டு முழுக்க நான் எடுத்தது. ஆனா அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது! ஜெபஸ்டின் அண்ணன் எல்லார்கிட்டேயும் சொல்லிட்டுத் திரியுறார், "அவ எடுத்தது, அதான் அவளுக்கு அழிக்க மனசு வரல"ன்னு. வாய் அப்படி. ரூல்னா எல்லாக் கார்டுக்கும் ரூல்தான். ஒண்ணாம் நம்பரைக் கேட்டிருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன். ரெண்டாம் நம்பரைக்...

என்ன, விரல் விட்டு எண்ணுறீங்க?

நாலு, ஆறு, அண்ணன் கேமராவுக்கு. ஆமாம். அஞ்சு, ஜெபஸ்டின் அண்ணனுக்கு. ஆமாம், அஞ்சரைக்குப் போட்டது. எட்டு இருபது வரைக்கும் எப்படி வரும்னா... விட்டு விட்டு எடுத்தா வரும். வரணும். நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க? டீச்சரா? என்ன டீச்சர்? கணக்கா! ஐயோ. முன்னாடியே சொல்லியிருந்தா நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன். பேசாம ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டிருப்பேன். கழுகுமலை தாண்டியாச்சா? தாண்டியாச்சு.

வரலை. ஏழேகாலுக்கே அஞ்சு நிறைஞ்சுட்டுது. ஜெபஸ்டின் அண்ணன் வந்து நின்னார். ரெண்டாம் நம்பரை அழிச்சுக் குடுத்தேன். நிச்சயம் இருந்த கார்டு. அதுக்கும் ஒரு காப்பிதான் இருந்தது. யோசிக்கவே இல்லை, அழிச்சேன், குடுத்தேன். இதை நான் யார்கிட்டேயும் சொல்லலை. யாரும் கேட்கலை, அதனால் சொல்லலை. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். இப்போ நீங்க கேட்டீங்க, சொல்லிட்டேன்.

தெரியும். நீங்க அடுத்து என்ன சொல்லப் போறீங்கன்னும் தெரியும். மூணை அழிச்சிருந்தாலும் டிஸ்க்கில் அந்தப் பதினோரு நிமிஷம் இருந்திருக்கும். டிஸ்க் நிற்கலை, நல்லாத்தான் ஓடுது. தாலி கட்டினதும் கிடைச்சிருக்கும். எனக்கு இதெல்லாம் தோணலைன்னா நினைக்கிறீங்க? ரெண்டு வாரமா இதே கணக்குத்தான் போடுறேன். எப்படிப் போட்டாலும் உங்க விடைதான் வருது.

சரி. நான் எடுத்ததுதான். அழிக்க மனசு வரலை. இருக்கட்டுமே! சீலிங் ஃபேனை எல்லாம் எடுத்தவங்க கார்டை நான் பாதுகாக்கலாம், நான் எடுத்ததை நான் பாதுகாக்கக் கூடாதா? அண்ணன் "சோறு திங்கற வீடியோ"ன்னு சொன்னாரில்லையா, அதைச் சொல்லாம இருந்திருந்தா குடுத்திருப்பேனோ என்னவோ. தெரியலை. உமாக்காகிட்டே போய் இதையும் சொல்லத்தான் போறேன். அம்மா இதில் இருக்காங்க, நீங்க தாலி கட்டிக்கிட்டது வீடியோவில் விழாமப் போனதும் இதனாலதான். ரெண்டும் நான்தான். திட்டினா திட்டட்டும்.

ஆமாம், போன்தான் அடிக்குது. அவர்தான். அடிக்கட்டும். நின்னுட்டுது பாருங்க. இப்போ வாட்ஸாப்பில் வாய்ஸ் அனுப்புவார், அதுதான் பழக்கம். இந்தா வந்தாச்சு. இதுவரைக்கும் பதினெட்டு, ஒண்ணுகூடக் கேட்டதில்லை. கேட்கச் சொல்றீங்களா? எதுக்கு, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி திட்டு விழவா? டீச்சர்னா விட மாட்டீங்களே. இருங்க, சத்தத்தைக் குறைச்சுப் போடுறேன். கிட்டே வாங்க.

"ஏட்டி இசக்கி, ஜெபஸ்டின் சொன்னான், பஸ்ஸுல போறியாம்லா. கார்டும் ஒங்கிட்டத்தான் கெடக்கு, டிஸ்க்கும் ஒங்கிட்டத்தான் கெடக்கு. ரெண்டையும் ஒரே பையில போட்டுட்டா போற? மண்டையில என்னமும் இருக்கா ஒனக்கு? ஒண்ண வீட்டுல வச்சுட்டுப் போவ மாட்டியா? என்னையத்தான் அந்தப் பேச்சுப் பேசுவ. பை தொலஞ்சுட்டா அந்தப் பிள்ளைட்ட என்னத்தட்டி சொல்லுவ? வெள்ளிக்கிழம புளியங்குடில கல்யாணம் இருக்கு. கார்டுக் கணக்கு யாரு போடுவா, ஒங்க அப்பனா? போன எடுட்டி மூதேவி."

...

சிரிக்காதீங்க டீச்சர்.

ஒரே பை. ரெண்டும் ஒரே பை. ஒண்ணு ஓடலைன்னா இன்னொண்ணு இருக்கட்டும்னு எடுத்து வைச்சேன். காலையில் துண்டில் சுத்தும்போதுகூடத் தோணலை பாருங்க. நான் போட்ட ரூல், எனக்கே தோணலை. அந்த ஆளுக்குத் தோணியிருக்கு.

வெள்ளிக்கிழமை போவேனா? போக மாட்டேன். உண்மையைச் சொன்னதுக்கு நிறுத்தினவர் கடைக்கு எதுக்குப் போகணும்? புளியங்குடிக்காரங்க கல்யாணம்னா ரெண்டு நாள், பன்னிரண்டு கார்டு ஆகும். அவருக்கு அது தெரியாது. தெரியாமப் போய் மாட்டிக்கட்டும். பார்க்கலாம்.

அக்கா, உங்க கைப்பையில் ஜிப் நல்லா மூடுமா? காட்டுங்க. உள்ளே சின்ன ஜிப் ஒண்ணு இருக்கே, அது போதும். இந்தாங்க, மூணாம் நம்பர். நம்பர் கீழே இருக்கணும், கவுத்தி வையுங்க. கவுத்தி வைச்சா நிறைஞ்சதுன்னு அர்த்தம். ஒரே பஸ்தான், தெரியும். இப்போதைக்கு ரெண்டு பையாவது ஆகட்டும். பஸ் ஸ்டாண்டில் இறங்கினதும் நானே கேட்டு வாங்கிக்கிறேன்.

கோவில்பட்டி வர்ற வரைக்கும் தூங்கிராதீங்க.